மத்திய மலைநாட்டில் மழை என்றால் மட்டக்களப்புக்கும் எச்சரிக்கைதான்

மாரி தொடங்கிவிட்டால் வானிலை அறிக்கையைக் கேட்காத வேளாண்மைக்காரர், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இல்லை. ஆனால் எல்லாரும் காத்திருப்பது ‘கிழக்கு மாகாணம்’ என்ற சொல்லுக்குத்தான். ‘மத்திய’ என்று வந்தாலே அது கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் உரிய செய்தி என்று வானொலியை அணைத்துவிடுகிறார்கள். நீர்ப்பாசன வேலையில் இருக்கும் எனக்கு இதுதான் பெரிய கவலை.

‘மத்திய’ என்ற அந்தச் சொல் அறிக்கையில் எப்போதும் ஒரே இடத்தைக் குறிப்பதில்லை. மத்திய மாகாணம் என்றால் கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்கள். வடமத்திய மாகாணம் என்றால் அநுராதபுரமும் பொலன்னறுவையும். மத்திய மலைநாடு என்பதற்கோ மாகாண எல்லை கிடையாது. நாட்டின் நடுவே எழுந்து நிற்கும் மலைகளையெல்லாம், ஊவா மாகாணத்து மலைகளையும் சேர்த்து, அப்படிச் சொல்கிறோம். ‘மத்திய மலைநாட்டின் கிழக்குச் சரிவுகளில்’ பலத்த மழை என்று கேட்டால் நாம்தான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அங்கே விழும் தண்ணீர் நம் பக்கமாகத்தான் இறங்கும்.

கல்லோயா ஊவா மலைகளில் பிறந்து சேனநாயக்க சமுத்திரத்தை நிரப்புகிறது. 770,000 ஏக்கர் அடி கொள்ளளவுள்ள அந்தக் குளத்தின் மிகுதி நீரை வெளியேற்றும் வான்கதவுகள் திறந்தால் நாவிதன்வெளி, சம்மாந்துறை, காரைதீவு வட்டைகளெல்லாம் (வயல்வெளிகளெல்லாம்) விழித்திருக்க வேண்டும். மாதுறு ஓயாவும் ஊவாவில் பிறந்து கோறளைப்பற்றுப் பக்கம் கடலைச் சேருகிறது. மத்திய மாகாணத்து மழையோ மகாவலியில் விழுந்து, வெருகல் ஆறாகக் கதிரவெளிக்கு அருகே வந்து நிற்கிறது.

மலையில் பெய்த மழை இங்கே வந்து சேரப் பல மணி நேரமாகும். இடையில் குளம் இருந்தால் நாட்களும் ஆகலாம். ஏமாற்றம் அங்கேதான் நேருகிறது. மாலையில் வானம் வெளுத்திருக்கும். நீரிறைக்கும் இயந்திரத்தை ஆற்றோரத்தில் விட்டு, பசளை மூட்டைகளை வயல் குடிசையான வாடியின் தரையில் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். விடிந்து பார்த்தால் வாடியின் கூரை மட்டும் தெரியும். “இங்கே ஒரு துளி மழை இல்லையே சேர், இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?” என்று கேட்பவர்களுக்கு மலையைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. ஒரு சதுரக் கிலோமீற்றரில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு இலட்சம் கன மீற்றர் தண்ணீர். மலைச்சரிவுகளின் பரப்போ பல நூறு சதுரக் கிலோமீற்றர்.

ஆகவே மத்திய மலைநாடு, ஊவா என்ற பெயர்கள் பலத்த மழையோடு சேர்ந்து வந்தால், பொழுதுபடுமுன் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். இயந்திரத்தையும் பசளையையும் அப்புறப்படுத்துங்கள். வான்கதவு திறப்பார்களா என்று வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானையிடம் கேளுங்கள். தண்ணீர் பாயும் வீதியில், உழவு இயந்திரம் உயரமானதுதானே என்று இறங்காதீர்கள்; 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மாணவர்கள் ஏறிவந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துச் சென்றது. உதவி தேவைப்பட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழையுங்கள்.