ஃபேடருக்கு முன்னால் கெடும் சத்தம்

தை பிறந்ததிலிருந்து ஆனி முடியும்வரை காவிரிப் படுகையில் மைக்செட்டுக்கு ஓய்வு கிடையாது. கல்யாணம், காதுகுத்து, குடமுழுக்கு, சிவராத்திரி நாட்டியாஞ்சலி, திருவிழாப் பாட்டுக் கச்சேரி, பட்டிமன்றம் என்று வரிசையாக வரும். பன்னிரண்டு சேனல் அனலாக் மிக்சர் இருந்த இடத்தில் முப்பத்திரண்டு சேனல் டிஜிட்டல் மிக்சர் வந்துவிட்டது. ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்கில் நுழைந்து எழும் ஊளை போகவில்லை. கொர்ரென்ற ஹம் போகவில்லை. பாடகரின் உதட்டில் சுருக்கென்று அடிக்கும் கரன்ட்டும் போகவில்லை. இந்த மூன்றும் பெரும்பாலும் பிறப்பது கரன்ட் போர்டிலும், மைக் நிற்கும் இடத்திலும், மைக் சிக்னலை ஏற்றும் கெயின் குமிழிலும்தான். அங்கே கெட்டதை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடராலும், அடிச் சத்தம் முதல் கீச்சு வரை தனித்தனியாகத் திருத்தும் ஈக்வலைசராலும் மீட்க முடியாது.

முதலில் மல்டிமீட்டர்

மண்டபத்து ஈபி இணைப்போ, ஜெனரேட்டரோ, ஒரு பெட்டியைக்கூடச் செருகும் முன் மூன்று அளவு பாருங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 220 முதல் 240 வோல்ட். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். ஃபேஸ்–எர்த் அளவு நூறைச் சுற்றி ஊசலாடினால் எர்த் இல்லை, அல்லது ஜெனரேட்டரில் நியூட்ரலை எர்த்தோடு இணைக்கவில்லை என்று பொருள்.

மைக்கில் சுருக்கென்று அடிப்பது இந்த நிலையில்தான். கீபோர்டு, லேப்டாப், மிக்சர் என்று எல்லாவற்றிலும் இப்போது எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளை. மின் இரைச்சலை வடிப்பதற்காக அதன் உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் வெளித்தகட்டுக்குச் சிறிய கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தகடு சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கசிவு மிகக் குறைவு என்பதால் கூச்சம் மட்டும் தெரியும். 'லேசாத்தான் அடிக்குது, பாடுங்கண்ணே' என்று விடக்கூடாது. அதே மேடையில் ஒரு பழைய கிடார் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி ஃபேஸ் தகட்டைத் தொட்டால், ஒரு கையில் கிடாரும் வாயருகே மைக்குமாக நிற்பவர் உயிரோடு தப்புவது சந்தேகம்.

ஹம் வருகிறதென்று மூன்றாவது பின்னை வெட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஹம் நிற்கும் என்பதும் உண்மை. ஆனால் அதற்குப் பின் அந்தப் பெட்டியில் எந்தப் பழுது வந்தாலும் மின்சாரம் ஆள் வழியாகத்தான் எர்த்துக்குப் போகும். ஹம்மின் உண்மையான காரணம் பெரும்பாலும் வேறு. மிக்சரை நூறு அடி தள்ளி மண்டபத்துச் சுவர் சாக்கெட்டில் செருகியிருப்பார்கள், ஆம்பும் மேடையும் ஜெனரேட்டரில் இருக்கும். இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள சிறு வோல்ட்டேஜ் மேடையையும் மிக்சரையும் இணைக்கும் தடித்த கேபிளான மல்டிகோரின் ஷீல்டு வழியே ஓடுகிறது. மேடைப் போர்டிலிருந்தே ஓர் எக்ஸ்டென்ஷனை மிக்சர் வரை இழுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு, வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்டு லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது. அது சிக்னல் வழியின் எர்த்தை மட்டும் துண்டிக்கும், கரன்ட்டின் எர்த்தைத் தொடாது.

த்ரீஃபேஸில் இன்னொரு ஆபத்து நியூட்ரல். அது தளர்ந்து விட்டுப்போனால் ஒரு ஃபேஸில் இருக்கும் ஆம்பும் இன்னொரு ஃபேஸில் இருக்கும் சீரியல் செட்டும் 415 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக நிற்கும். லோடு குறைவாக உள்ள பக்கம் வோல்ட்டேஜ் எகிறும். குறைவான லோடு பெரும்பாலும் நம் மிக்சர் இருக்கும் பக்கம்தான். நியூட்ரலை முதலில் இணைத்து, கடைசியில் கழற்றுங்கள், ஸ்க்ரூவை இரண்டு முறை இறுக்குங்கள். மேடை லைனுக்கு, கரன்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஜெனரேட்டரில் நியூட்ரலை எர்த்தோடு இணைக்காவிட்டால் அந்த ஆர்.சி.சி.பி. நம்பியபடி வேலை செய்யாது. வண்டல் மண்ணில் எர்த் ராடு சுலபமாக இறங்கிவிடுகிறது என்பதற்காக, ராடு அடித்தாலே போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். மண் வழியே ஓடும் கரன்ட், ஓவர்லோடில் விழும் சுவிட்சான எம்.சி.பி.யை விழவைக்கும் அளவுக்குப் பெரும்பாலும் வராது.

கெயின் என்பது வால்யூம் இல்லை

சாதாரண டைனமிக் மைக்கை வாயருகே பிடித்துப் பேசினால் கிடைப்பது சில மில்லி வோல்ட்தான். மிக்சருக்கு உள்ளே வேலை நடக்கும் லைன் அளவு 1.23 வோல்ட். நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம் இது. இந்த ஏற்றத்தைச் செய்வது கெயின் குமிழ். ஃபேடர், ஏற்கெனவே ஏற்றிய சிக்னலைக் கூட்டிக் குறைப்பதோடு சரி. தலைமடையில் கலங்கிய தண்ணீர் கடைமடைக்கு வருவதற்குள் தெளியாது. கெயினில் உடைந்த சத்தமும் அப்படித்தான், ஃபேடரைக் கீழே இழுத்தால் உடைந்த சத்தம் மெதுவாகக் கேட்கும், அவ்வளவே.

செய்முறை இது. சேனல் ஃபேடரைக் கீழே வையுங்கள். ஈக்யூ (ஈக்வலைசர்) நடுவில் இருக்கட்டும். அந்தச் சேனலை மட்டும் ஃபேடருக்கு முன்னாலேயே காட்டும் பிஎஃப்எல் அல்லது சோலோ பொத்தானை அழுத்தி மீட்டரைப் பாருங்கள். பாடகரை நிகழ்ச்சியில் பாடும் குரலில் பாடச் சொல்லுங்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். டெஸ்டிங்கில் 'ஹலோ, ஒன், டூ' என்று அடக்கிப் பேசுகிறவர், கூட்டத்தைப் பார்த்ததும் ஆறு முதல் பத்து டெசிபல் கூடுதலாகப் பாடுவார். தார ஸ்தாயியில் ஒரு பிடி பிடிக்கச் சொல்லி அதற்குக் கெயின் வையுங்கள். அனலாக் மிக்சரில் மீட்டர் பூஜ்யத்தைச் சுற்றி நின்று, உச்சத்தில் ப்ளஸ் 6 தொடலாம். டிஜிட்டலில் சராசரி மைனஸ் 18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் மீட்டரின் டெசிபல்), உச்சம் மைனஸ் 10ஐச் சுற்றி. டிஜிட்டலில் பூஜ்யம்தான் கூரை, அதற்கு மேல் போனால் உடையும். அனலாக்கில் கை பழகியவர்கள் டிஜிட்டலிலும் மீட்டரைப் பூஜ்யத்துக்கு ஏற்றிக் கெடுப்பது இதனால்தான்.

கெயின் வைத்த பிறகு நடுவில் அதைத் தொடாதீர்கள். பாடகர் தன் குரலைக் கேட்கும் மேடை ஸ்பீக்கரான மானிட்டருக்குப் போகும் ப்ரீ-ஃபேடர் ஆக்ஸ் (ஃபேடருக்கு முன்னால் பிரியும் தனி வழி), கெயினுக்குப் பின்னாலிருந்துதான் சிக்னலை எடுக்கிறது. முன்வரிசையிலிருந்து 'தம்பி, குரல் பத்தல' என்று சொன்னதும் கெயினை ஐந்து டெசிபல் ஏற்றினால், மேடை மானிட்டரும் ஐந்து டெசிபல் ஏறி ஊளையிடும். வெளியே கூட்டுவதற்கு ஃபேடர் இருக்கிறது. எக்கோ, ரிவர்ப் ஆக்ஸ்கள் போஸ்ட்-ஃபேடரில் (ஃபேடருக்குப் பின்னால்) இருக்கட்டும். இல்லையேல் ஃபேடரை இறக்கிய பின்னும் எக்கோ மட்டும் தனியாக அலையும்.

மிக்சர் மீட்டர் சரியாக இருந்தும் ஸ்பீக்கர் பெட்டி கரகரத்தால், ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கரின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். இன்புட் சுவிட்ச் 'மைக்'கில் இருக்கும். லைன் அளவில் வரும் சிக்னலை அது மறுபடி மைக்கைப் போல் ஏற்றுகிறது. 'லைன்'னுக்கு மாற்றினால் முடிந்தது.

அடிக்கடி வரும் இன்னொரு புதிர்: செல்போனிலிருந்து பாட்டுப் போட்டால் வாத்தியம் கேட்கிறது, பாடுபவர் குரல் மட்டும் காணவில்லை. ஸ்டீரியோ ஜாக்கை ஒரே சேனலின் பேலன்ஸ்டு இன்புட்டில் செருகியதன் விளைவு அது. அந்த இன்புட் ஒரு முனையிலிருந்து மற்றதைக் கழிக்கும். இடம் வலம் இரண்டிலும் சமமாக இருக்கும் குரல் கழிந்து பூஜ்யமாகிறது. ஒரு ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரிக்கும் கேபிளால் இரண்டு சேனல்களில் போடுங்கள்.

ஊளையின் இடம்

மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள கோணமே ஊளையைத் தீர்மானிக்கிறது. முன்பக்கத்தையே அதிகம் எடுக்கும் கார்டியாய்டு மைக், உதாரணமாக ஷ்யூர் எஸ்எம்58, நேர் பின்பக்கச் சத்தத்தை மிகக் குறைவாக எடுக்கும். மானிட்டரை மைக்கின் வாலுக்கு நேரே வைக்க வேண்டும். இன்னும் குறுகலாக எடுக்கும் சூப்பர்கார்டியாய்டான பீட்டா 58ஏ மைக்குக்கு அப்படி வைத்தால் ஊளைதான். அதன் செவிட்டுப் பக்கம் முன்பக்கத்திலிருந்து 120 டிகிரியை ஒட்டிப் பக்கவாட்டில் இருக்கிறது, மானிட்டரையும் சாய்வாக ஓரத்தில் நகர்த்துங்கள். மைக்கின் வலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பாடகரிடம் எந்த மைக்கைக் கொடுத்தாலும் அது எல்லாத் திசையையும் எடுக்கும் மைக்காகிவிடும். பாடகரிடம் இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது, கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

திறந்த மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஊளைக்கு முன் கிடைக்கும் அளவு 3 டெசிபல் குறையும். எட்டு மைக் திறந்திருந்தால் ஒரு மைக்கோடு ஒப்பிட 9 டெசிபல் நஷ்டம். திருவையாற்று ஆராதனையில் பஞ்சரத்தினம் பாடுவதுபோல் பெருங்கூட்டம் சேர்ந்து பாடும் இடத்தில் மைக்கைக் கூட்டக் கூட்டச் சத்தம் கூடாது, ஊளைதான் நெருங்கும். குறைந்த மைக், நெருக்கமான இடம், பேசாத மைக் மியூட்டில். தூரம் பாதியானால் 6 டெசிபல் தானாகக் கிடைக்கும். ஊராட்சித் தலைவர் ஓரடி தள்ளி நின்று பேசும்போது கெயினோடு போராடுவதைவிட, ஒரு பையன் போய் மைக்கை நாலு விரற்கடைக்கு நகர்த்தி வைப்பது மேல்.

இவ்வளவுக்குப் பிறகுதான் 31 பேண்ட் கிராஃபிக் ஈக்வலைசர். மானிட்டரை மெல்ல ஏற்றி, முதலில் கூவும் பேண்டை 3 டெசிபல் இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். நாலைந்து பேண்டில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இறக்க வேண்டியிருந்தால் மைக் அல்லது மானிட்டர் தப்பான இடத்தில் இருக்கிறது. நடுவைக் குழித்து இரு ஓரங்களை உயர்த்தும் அந்தச் சிரிக்கும் வளைவு, பாட்டுப் போடும்போது கவர்ச்சியாக இருக்கும். பேச்சில் எழுத்துகளை விழுங்கிவிடும், ஏனெனில் மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 2 முதல் 4 கிலோ ஹெர்ட்ஸில் இருக்கிறது.

நம் வாத்தியங்கள்

நாகஸ்வரத்துக்கு மைக்கை அடியில் விரியும் வாயான அணசுக்குள் நீட்டாதீர்கள். சத்தம் விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அணசு மட்டும் எடுத்தால் சில ஸ்வரங்கள் குத்தும், சில மறையும். ஒன்று முதல் ஒன்றரை அடி தள்ளி, உலவின் (குழலின்) நடுப்பகுதியைப் பார்த்து வையுங்கள். சிறு மண்டபமென்றால் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக்கே வேண்டாம், சுருதிப்பெட்டிக்கு மட்டும் போதும். தவிலுக்கு வைத்தே ஆகவேண்டுமென்றால் கெயினை மிகக் குறையுங்கள், சிக்னலைக் குறைக்கும் பேட் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். கூடு மாட்டிய விரல் விழும் வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) உச்சம் மீட்டர் காட்டுவதைவிட வேகமானது.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக். வலந்தலையில் அடிச் சத்தத்தை வெட்டும் லோ-கட் போடலாம், தொப்பியில் (இடப்பக்கத்தில்) போடாதீர்கள், கும்கி என்னும் அடிநாதம் காணாமல் போகும். பாட்டு, பேச்சு, வயலின் எல்லாவற்றுக்கும் 80 முதல் 100 ஹெர்ட்ஸில் லோ-கட் கட்டாயம். மேடைப் பலகை அதிர்வும், பெடஸ்டல் ஃபேன் காற்றும் அதோடு போகும். வீணையின் பிக்கப்பை டிஐ பாக்ஸ் வழியாக எடுங்கள், நீண்ட மோனோ கேபிள் வேண்டாம்.

மண்டபமும் பிரகாரமும்

கிரானைட் தரையும் வெறுஞ்சுவரும் கொண்ட மண்டபத்தில் சத்தம் கூட்டினால் தெளிவு குறையும், எதிரொலியும் சேர்ந்து கூடுகிறது. பெட்டியைத் தலைக்கு மேல் உயர்த்தி, ஆட்களை நோக்கிச் சற்றுக் கவிழ்த்து, 250 முதல் 400 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் இறக்குங்கள். மிக்சரை மேடை ஓரத்தில் பெட்டிக்குப் பின்னால் போடுவது மிக மோசமான இடம், அங்கே பாஸ் மட்டுமே கேட்கும். பின்சுவரை ஒட்டியும் வேண்டாம்.

பிரகாரம் போன்ற நீளமான இடத்தில் பின்னால் வைக்கும் இரண்டாவது ஜோடிப் பெட்டிக்கு டிலே (சிறு தாமதம்) வேண்டும். நம் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும், மீட்டருக்கு 2.9 மில்லி செகண்ட். முப்பது மீட்டர் தள்ளி இருந்தால் 87 மில்லி செகண்ட். அதோடு பத்துப் பதினைந்து சேர்த்தால் சத்தம் மேடையிலிருந்தே வருவதாகக் காது நம்பும்.

டிஜிட்டல் மிக்சரை டேப்லெட்டால் ஓட்டுபவர்கள் 2.4 கிகா ஹெர்ட்ஸ் வைஃபையை நம்ப வேண்டாம். காலியான பந்தலில் ஓடும், ஆயிரம் செல்போன் வந்ததும் திணறும். 5 கிகா ஹெர்ட்ஸ் ரூட்டரை உயரத்தில் வையுங்கள். மிக்சரின் செட்டிங் எல்லாவற்றையும் ஒரு சீனாகச் சேமித்து, ஒரு பிரதியை யூஎஸ்பியிலும் எடுங்கள்.

சத்த அளவு பற்றி: 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு மாநில அரசு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி அறிவிக்கப்பட்ட 100 மீட்டர் அமைதி மண்டலம் உண்டு. குடியிருப்புப் பகுதியின் பகல் அளவு 55 டெசிபல், பொது இடத்தின் எல்லையில் அதைவிடப் பத்து கூடலாம். நிகழ்ச்சிக் குழுவிடம் இதை அட்வான்ஸ் வாங்கும்போதே பேசிவிட வேண்டும். பெட்டிக்கு அருகில் நிற்கும் உதவிப் பையன்களுக்குக் காதடைப்பான் கொடுங்கள். 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் நாளுக்குப் பதினைந்து நிமிடம்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஆம்பையும் பவர்டு ஸ்பீக்கரையும் முதலில் அணையுங்கள், மிக்சரைக் கடைசியில். போடும்போது இதற்கு நேர்மாறு. மிக்சரிலிருந்து மைக்குக்குப் போகும் 48 வோல்ட் ஃபேண்டம் உள்ள சேனலில் மியூட் போட்டு, ஃபேண்டத்தை அணைத்துச் சில நொடி பொறுத்து மைக்கை உருவுங்கள். மார்கழி, தை இரவுகளில் பனி மிக்சர் மேலேயே இறங்கும், துணி மட்டும் போர்த்தினால் ஊறிவிடும், மேலே ஒரு பாலிதீன் தாளும் வேண்டும். அறுவடை நாளில் வயலோரப் பந்தலில் வைக்கோல் தூசி ஃபேடர் பிளவுக்குள் போய்க் கரகரப்பாகும். அதற்கு ஃபேடருக்கென்றே உள்ள கான்டாக்ட் கிளீனர் வாங்குங்கள், கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை அடித்தால் தூசி இன்னும் ஒட்டிக்கொள்ளும்.