“எல்லாம் சாஃப்ட்வேர்ல இருக்கு சார்”

சில வருடங்களுக்கு முன் ஒருவர் லேப்டாப்பும் முகவாட்டமுமாக என்னிடம் வந்தார். கணினி அடிக்கடி நின்றுபோகிறது என்று ரிப்பேர் கடையில் கொடுத்திருக்கிறார், விண்டோஸை மறுபடி போட்டுத் தந்திருக்கிறார்கள். போடும் முன் “முக்கியமான ஃபைல் எல்லாம் எங்கே?” என்று கேட்டதற்கு டி டிரைவைக் காட்டியிருக்கிறார். படங்களைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. “அதெல்லாம் கேமரா சாஃப்ட்வேர்ல இருக்கு சார், திரும்ப இன்ஸ்டால் பண்ணா வந்துடும்னு நினைச்சேன்” என்றார். சாஃப்ட்வேர் வந்தது, படங்கள் வரவில்லை. இரண்டு வருடப் படங்களும், விண்டோஸை மறுபடி போடும்போது அழிக்கப்பட்ட சி டிரைவின் பிக்சர்ஸ் ஃபோல்டரில் இருந்திருக்கின்றன. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது மென்பொருள், அவரல்ல. மீட்பு மென்பொருளை ஓட்டியதில் ஒரு பகுதி கிடைத்தது, அதுவும் பெயரும் தேதியும் இல்லாமல்.

கேமராவோடு தரும் மென்பொருளைப் போடலாமா என்று கேட்பவர்களிடம், போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் மெமரி கார்டிலிருந்து படத்தை இறக்கும் வேலையை மட்டும் அதனிடம் விடாதீர்கள்.

ஏன் போட வேண்டும்? ரா ஃபைலுக்காக. வழக்கமான ஜேபெக் (JPEG) படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள். 14 பிட் ரா படத்தில் 16,384. ஆனால் ரா என்பது முடிந்த படம் அல்ல. சென்சார் அளந்த எண்கள்தான் அதில் இருக்கின்றன. நீங்கள் கேமராவில் வைத்த வண்ணப் பாணி, கூர்மை போன்றவை பக்கத்தில் எழுதிய குறிப்பாக மட்டுமே கூட வருகின்றன. அந்தக் குறிப்பை முழுதாகப் படிக்கத் தெரிந்தது கேமரா செய்தவரின் மென்பொருள்தான். கறுப்பு வெள்ளையில் வைத்து ஒரு ரா படம் எடுத்துப் பாருங்கள். கேனனின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனலில் அது கறுப்பு வெள்ளையாகவே திறக்கும், வேண்டுமென்றால் வண்ணத்துக்கு மாற்றலாம். பொதுவான மென்பொருள்கள் பலவற்றில் எடுத்த எடுப்பிலேயே வண்ணத்தில் வந்து நிற்கும். “கேமரா திரையில் நல்லா இருந்துச்சு, கம்ப்யூட்டர்ல மங்கலா இருக்கே” என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இன்னொன்று, ஃபோகஸ் புள்ளி. படம் ஏன் தெளிவில்லை என்று என்னிடம் கொண்டுவருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். கேமரா எந்த இடத்தில் ஃபோகஸ் செய்தது என்பதைக் கேனன், நிக்கான் மென்பொருள்கள் படத்தின் மேலேயே கட்டம் போட்டுக் காட்டும். லென்ஸைக் குறை சொல்லி வந்தவர், கட்டம் பின்னால் இருக்கும் மரத்தில் நிற்பதைப் பார்த்ததும் அமைதியாகிவிடுவார். ஃபூஜிஃபில்மின் எக்ஸ் ரா ஸ்டுடியோ வேறு வகை. யூஎஸ்பி கேபிளில் கேமராவை இணைத்தால், கேமராவின் பிராசஸரே ராவை மாற்றித் தரும்.

சரி, இதில் என்ன சிக்கல்? நீங்கள் செய்யும் திருத்தம் அந்தந்த நிறுவனத்தின் மொழியில்தான் சேமிக்கப்படுகிறது. கேனன் மென்பொருள் அதை ரா ஃபைலுக்குள்ளேயே எழுதிவைக்கும். மற்ற மென்பொருள்களுக்கு அது புரியாது. நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ, பக்கத்தில் தனி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி அதில் வைக்கும். ‘இது என்ன குப்பை’ என்று அந்த ஃபோல்டரை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் வேறு டிஸ்குக்கு மாற்றினால், திருத்தங்கள் படங்களோடு வராது. அதனால் திருத்தி முடித்த நல்ல படங்களை அன்றைக்கே, மற்ற மென்பொருள்களிலும் திறக்கும் டிஃப் (TIFF) அல்லது ஜேபெக்காக வெளியே எடுத்துவிடுங்கள்.

இனி இறக்கும் வேலை. கார்டு ரீடரில் கார்டைப் போட்டு, தேதி போட்ட புது ஃபோல்டர் ஒன்றை நீங்களே திறந்து, கேமரா படங்களை வைக்கும் டிசிஐஎம் (DCIM) என்ற ஃபோல்டரை முழுதாக அதில் நகலெடுங்கள். வீடியோ எடுத்திருந்தால் கார்டில் உள்ள எல்லாவற்றையும் எடுங்கள். சில கேமராக்கள் வீடியோவை வேறு ஃபோல்டரில் வைக்கும், நீளமான வீடியோவைத் துண்டு துண்டாகவும் பிரிக்கும். (அந்தத் துண்டுகளை ஒட்டுவதற்கு நிறுவனத்தின் மென்பொருளே கைகொடுக்கும். அதற்கு ஃபோல்டர் அமைப்பு கலையாமல் இருக்க வேண்டும்.) புது ஃபோல்டர் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கேமராவின் எண் வரிசை 9999-ஐத் தொட்டதும் மறுபடி 0001-க்குத் திரும்பிவிடும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டுகிறவர், ‘மேலெழுதவா?’ என்று கணினி கேட்கும்போது யோசிக்காமல் ஆம் என்று அழுத்தினால் பழைய படம் போய்விடும்.

நகலெடுத்த பிறகு இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா என்று பாருங்கள். சில படங்களைத் திறந்து பாருங்கள். அப்புறம் இன்னொரு டிஸ்கில் இரண்டாவது நகல். அதற்குப் பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்வது, அதையும் கணினியில் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள்.

இல்லை, எனக்கு அந்த மென்பொருளே வசதி என்பவர்கள் அதன் அமைப்புப் பக்கத்தை ஒருமுறை திறந்து, படங்கள் எந்த டிரைவுக்குப் போகின்றன என்று பாருங்கள். இறக்கியதும் கார்டில் உள்ளதை அழிக்கச் சொல்லும் கட்டம் இருந்து, அதில் டிக் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.