டிஸ்னிலேண்ட் பக்கத்துல அஃபோர்டபிள் வீடு: ஃபார்ம்ல கை வைக்கறதுக்கு முன்னாடி

கலிஃபோர்னியால ஆரஞ்ச் கவுண்டில இருக்கற அனஹைம்ல டிஸ்னிலேண்டைச் சுத்தி வேலை பார்க்கறவங்க எங்க குடியிருக்கறதுங்கற சண்டை இன்னைக்கு நேத்து வந்ததில்ல. 2007ல சன்கால்னு ஒரு கம்பெனி ரிசார்ட் ஏரியாவுக்குள்ள ஏறக்குறைய 1,500 வீடு கட்டறேன், அதுல 225 குறைஞ்ச வருமானக்காரங்களுக்குன்னு வந்துச்சு. இது டூரிஸ்டுக்கான இடம், வீட்டுக்கு இல்லைன்னு டிஸ்னி கோர்ட்டு வரைக்கும் போச்சு, கடைசில அந்த வீடு எதுவும் வரல. 2024ல பார்க்கைப் பெருசாக்கற டிஸ்னிலேண்ட்ஃபார்வர்டு திட்டத்துக்கு சிட்டி கவுன்சில் சரின்னு சொன்னப்போ, அஃபோர்டபிள் ஹவுசிங்குக்கு 3 கோடி டாலர் தர்றதா டிஸ்னி ஒத்துக்கிச்சு. கதை இவ்ளோதான், போதும். கவுன்சில்ல எத்தனை வீடுன்னு பேசறாங்க, ஆனா அதுக்குள்ள யாரு போறாங்கங்கறதை முடிவு பண்றது லீசிங் ஆபீஸ்ல, அதாவது பில்டிங்ல வீடு வாடகைக்கு விடற ஆபீஸ்ல, கேக்கற பேப்பர்தான், அதைப் பத்தி யாரும் வாய் திறக்கறதில்ல.

முதல்ல ஒண்ணு. அஃபோர்டபிள்னா உங்க சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும்னு அர்த்தம் இல்லீங்க. ஏரியா மீடியன் இன்கம்னு, அதாவது அந்த ஏரியாவோட நடுத்தர வருமானம்னு, ஒரு கணக்கு, ஏஎம்ஐம்பாங்க, அதுல இத்தனை சதவீதம்னு வச்சு வாடகையையும், உள்ள வர்றவங்க வருமானத்துக்கு மேல் லிமிட்டையும் ஃபிக்ஸ் பண்றாங்க. அந்தக் கணக்கை அனஹைமுக்குத் தனியாப் போடறதில்ல, மொத்த ஆரஞ்ச் கவுண்டிக்கும் சேர்த்துப் போடறாங்க. நியூபோர்ட் பீச்ல கடலைப் பார்த்து பங்களா வச்சிருக்கறவர் வருமானமும் இதுல சேரும், ஹோட்டல் கிச்சன்ல பாத்திரம் கழுவறவர் வருமானமும் சேரும். 2023ல இந்த கவுண்டில தனி ஆள் வருஷத்துக்கு 80,000 டாலர் சம்பாதிச்சாகூட லோ இன்கம்தான், அதனால ஏஎம்ஐல 60 சதவீத வீடு 80 சதவீத வீடுன்னு போர்டு வைக்கறப்போ அது யாருக்கான வீடுன்னு நீங்களே பாத்துக்கங்க.

அடுத்தது பெரிய குழப்பம். செக்‌ஷன் 8 வவுச்சர் (வாடகைல ஒரு பங்கை சர்க்கார் கட்டறது) வேற, டாக்ஸ் கிரெடிட் பில்டிங் (கட்டறவங்களுக்கு வரிச் சலுகை குடுத்து வாடகையைக் கட்டுப்படுத்தறது) வேற, ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு ஏமாந்தவங்க நிறைய. வவுச்சர்ல உங்க பங்கு வாடகை உங்க வருமானத்துல சுமாரா 30 சதவீதம், வருமானம் குறைஞ்சா அதுவும் குறையும். டாக்ஸ் கிரெடிட் பில்டிங்ல அப்படி இல்ல, வாடகை அந்த ஏஎம்ஐ கணக்குப்படிதான், உங்க வருமானம் குறைஞ்சா குறையாது, சீசன் முடிஞ்சு உங்க ஹவர்ஸைப் பாதியா வெட்டினாலும் அதே வாடகைதான். பார்க், ஹோட்டல் வேலைல ஹவர்ஸ் ஏறி இறங்கறது ஊருக்கே தெரியும், ரூல் போட்டவங்களுக்கு மட்டும் தெரியல போல.

இதுலதான் நிறைய பேர் மாட்றாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா, ரிசார்ட் பக்கத்துல ஹோட்டல்ல ஹவுஸ்கீப்பிங். ரொம்ப நாள் காத்திருந்து ஒரு பில்டிங்ல இருந்து லெட்டர் வந்துச்சு, ஜனவரி மாசம். சம்பளச் சீட்டு கொண்டாங்கன்னாங்க, கையில இருந்தது நவம்பர் டிசம்பர் சீட்டு, பூராவும் கிறிஸ்துமஸ் கூட்டத்துக்குப் பார்த்த ஓவர்டைம். லீசிங் ஆபீஸ்ல இருந்த பொண்ணு கால்குலேட்டரை எடுத்து சராசரி போட்டு, ரெண்டு வாரத்துக்கு ஒரு சீட்டுங்கறதால 26ஆல பெருக்கிச்சு, வருமான லிமிட் தாண்டிருச்சு, முடிஞ்சது கதை. பிப்ரவரில அந்தம்மாவுக்கு வாரத்துல மூணு நாள் வேலை கெடைச்சா பெருசு. அதனால வேலை பாக்கற எடத்துல இருந்து, இது சீசன் ஓவர்டைம், வருஷம் பூரா இருக்காதுன்னு எழுத்துல வாங்கி ஃபைலோட சேர்த்தே கொடுங்க. போன வருஷத்து டபிள்யூ-2வையும், அதாவது வருஷ மொத்தச் சம்பளத்தைக் காட்டற ஃபார்மையும், வைங்க. அவங்களாக் கேக்க மாட்டாங்க.

வருமானம்னா கைக்கு வர்றது இல்ல, பிடித்தம் போறதுக்கு முன்னாடி உள்ள மொத்தம். வீட்ல 18 வயசு தாண்டின எல்லார் சம்பளமும் சேரும், காலேஜ் போயிட்டே பகுதி நேர வேலை பாக்கற பையன் இருந்தா அதைக் கணக்குல எப்படி எடுப்பீங்கன்னு முன்னாடியே கேட்டுக்கங்க. ஊருக்கு அப்பா அம்மாவுக்கு மாசாமாசம் அனுப்பறீங்களா, அதைக் கழிக்க மாட்டாங்க. ஆனா உங்க அக்கவுண்டுக்கு வர்ற ஒவ்வொரு ஸெல், வென்மோ (ஃபோன்ல காசு அனுப்பற ஆப்) காசையும் கேள்வி கேப்பாங்க, ரூம்மேட் கரண்ட் பில் பங்கைப் போட்டிருப்பான், அது மாசாமாசம் வந்தா உங்களுக்கு யாரோ காசு குடுக்கறாங்கன்னு வருமானத்துல சேர்த்துருவாங்க. அப்ளை பண்ணப் போறீங்கன்னா ஒரு ஆறு மாசத்துக்கு இந்த மாதிரி கொடுக்கல் வாங்கலை நிறுத்திருங்க, இல்லைன்னா எது எதுக்குன்னு குறிச்சு வைங்க. ஊர்ல வீடோ நிலமோ உங்க பேர்ல இருந்தா மறைக்காதீங்க. பின்னால தெரிஞ்சா வீடும் போகும், கேஸும் வரும்.

மேல லிமிட் மட்டும் இல்ல, கீழயும் ஒண்ணு இருக்கு. வாடகையப் போல ரெண்டு, ரெண்டரை மடங்கு சம்பளம் வேணும்பாங்க நிறைய பில்டிங்ல. ஏழைக்குன்னு கட்டின வீட்ல ஏழைன்னு சொல்லியே திருப்பி அனுப்பறது! கையில வவுச்சர் இருந்தா இந்த வேலை செல்லாது, கலிஃபோர்னியா சட்டப்படி நீங்க கட்டற பங்கை வச்சுதான் அந்த மடங்கைக் கணக்கு போடணும். செக்‌ஷன் 8 எடுக்க மாட்டோம்னு சொல்றதே 2020ல இருந்து சட்டவிரோதம். 2024ல இருந்து வவுச்சர்காரங்களோட கிரெடிட் ஸ்கோரை மட்டும் பாத்துத் தள்ளவும் கூடாது, ஒழுங்கா வாடகை கட்ட முடியும்னு வேற பேப்பர் காட்ட வாய்ப்பு தரணும். ஃபோன்ல "நோ வவுச்சர்"னு சொன்னா சண்டை போடாம, அதையே ஈமெயில்ல கேளுங்க, எழுத்துல பதில் போடறதுக்கு பாதிப் பேருக்குத் தைரியம் வராது.

வெயிட்டிங் லிஸ்ட் ஒண்ணுதான்னு நெனைக்காதீங்க. அனஹைம், சாண்டா ஆனா, கார்டன் குரோவ் மூணுக்கும் தனித்தனி ஹவுசிங் அத்தாரிட்டி (வவுச்சர் குடுக்கற அரசு ஆபீஸ்), மிச்ச கவுண்டிக்கு வேற ஒண்ணு. அதுபோக ஒவ்வொரு பில்டிங்குக்கும் தனி லிஸ்ட். ஒரு எடத்துல பேர் குடுத்துட்டு வருஷக்கணக்கா உக்காந்திருக்கறவங்களை நான் பாத்திருக்கேன், அடுத்த பில்டிங்ல லிஸ்ட் திறந்து மூடினதே அவங்களுக்குத் தெரியாது. வவுச்சர் லிஸ்ட்ல பேர் குடுக்க காசு கிடையாது, கேட்டா அவன் திருடன்.

இன்னும் விருப்பம் இருக்கான்னு கேட்டு ஒரு கடுதாசி வரும், அதுக்குப் பதில் போடலைன்னா பேரை எடுத்துருவாங்க. வீடு மாத்திக்கிட்டே இருக்கறவங்களுக்கு அது எங்க போய்ச் சேருமோ. ஈமெயில், ஃபோன், தபால் அட்ரஸ் மூணையும் மாறினவுடனே எழுத்துல மாத்துங்க, மாத்தினதுக்கு ஸ்க்ரீன்ஷாட் வைங்க. வவுச்சர் கையில வந்தாலும் வீடு தேட ஆரம்பத்துல 60 நாள்தான் கெடைக்கும் பல எடத்துல, தேதி முடியறதுக்கு முன்னாடியே நீட்டிக்கக் கேட்டு எழுதணும்.

மோட்டல்ல தங்கிக்கிட்டு வேலைக்குப் போற குடும்பங்களுக்குத் தனியா ஒண்ணு. 28 நாள் ஆச்சு, வெளிய போய்ட்டு ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னு சொல்றாங்கல்ல, அது நீங்க 30 நாள் தாண்டி வாடகைதாரர் ஆயிடக்கூடாதுன்னு பண்றது. குடியிருப்பு மாதிரி ஓடற மோட்டல்ல அந்த நோக்கத்துக்காகக் காலி பண்ணச் சொல்றதை மாநிலச் சட்டம் தடுக்குது. ரசீது ஒண்ணைக்கூடத் தூக்கிப் போடாதீங்க, அனஹைம்ல இருக்கறவங்களுக்கு முன்னுரிமைங்கற எடத்துல நீங்க அங்கதான் இருக்கீங்கன்னு காட்ட அதுதான் கையில இருக்கும்.

உள்ள போனப்புறம் சம்பளம் ஏறினா காலி பண்ணச் சொல்லுவாங்கன்னு பயந்து ப்ரமோஷனையே வேண்டாம்னவர் ஒருத்தரைத் தெரியும். டாக்ஸ் கிரெடிட் வீட்ல வருமானம் ஏறிருச்சுங்கற ஒரே காரணத்துக்காக வெளிய அனுப்பறதில்ல. வருஷா வருஷம் கேக்கற பேப்பரை மட்டும் தேதிக்குள்ள குடுத்துருங்க.

ரிஜெக்ட் ஆனா வாய்மொழியா சொல்றதை வாங்கிட்டு வந்துராதீங்க. காரணத்தை எழுத்துல கேளுங்க, ஹவுசிங் அத்தாரிட்டியா இருந்தா மறுபரிசீலனை கேக்க உரிமை இருக்கு, எத்தனை நாளுக்குள்ளன்னு லெட்டர்லயே போட்டிருக்கும். லெட்டர் வந்த கவரையும் வைங்க, லெட்டர்ல ஒரு தேதி, போஸ்ட்மார்க்ல வேற தேதி இருக்கறது சகஜம். எங்க போறதுன்னு தெரியலைன்னா 211ங்கற உதவி நம்பருக்கு ஃபோன் அடிச்சு இலவச லீகல் எய்ட் நம்பர் கேளுங்க, தமிழ்ல பேச ஆள் வேணும்னா முதல்லயே சொல்லிருங்க.