ஹாலஜன் என்கிற உப்பீனி

கோயில் கொடைக்கும் இரவு நேர கிரிக்கெட் ஆட்டத்துக்கும் மூங்கில் நட்டு, கண் கூசுகிற மாதிரி ஒரு விளக்கைக் கட்டுவார்களே, 'ஆலஜன் லைட்' என்று? நம்மில் பலருக்கு அந்தச் சொல் முதலில் அறிமுகமானது அங்கேதான். அப்புறம் வேதியியல் வகுப்பில், தனிம அட்டவணையின் 17ஆம் தொகுதி என்ற பெயரில் அதே சொல் மறுபடி வந்து நிற்கும். இரண்டும் ஒன்றுதான். அந்த விளக்கின் டங்ஸ்டன் இழை சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். உள்ளே அடைத்துள்ள சிறிதளவு அயோடினோ புரோமினோ அந்த ஆவியைப் பிடித்து மறுபடி இழைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால் கண்ணாடி கறுக்காது, இழையும் நெடுநாள் தாங்கும். உள்ளே இருக்கும் தனிமத்தின் குடும்பப் பெயர்தான் விளக்குக்கும் ஒட்டிக்கொண்டது.

கிரேக்கத்தில் 'ஹால்ஸ்' என்றால் உப்பு. கடலுக்கும் அதே சொல்தான். 'ஜென்' என்பது பிறப்பிப்பதைக் குறிக்கும் வேர். ஆக, உப்பைப் பிறப்பிப்பது. ஆனால் இந்தப் பெயர் முதலில் ஒரு குடும்பத்துக்காக உருவானதல்ல. 1811இல் யோகான் ஷ்வைகர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் குளோரின் என்ற ஒற்றைத் தனிமத்துக்காக முன்மொழிந்த பெயர் இது.

குளோரினுக்கு ஏன் அப்போது பெயர்ச் சண்டை? 1774இலேயே சுவீடன் வேதியியலாளர் ஷீலே அந்த வாயுவைத் தயாரித்துவிட்டார். ஆனால் அது தனிமம் என்று யாரும் நம்பவில்லை. அமிலம் என்றால் அதில் ஆக்சிஜன் இருந்தே தீரும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே சொல்லியிருந்தார். ஆக்சிஜன் என்ற பெயருக்கே 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்றுதான் பொருள். உப்பு அமிலத்திலிருந்து (அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து) வந்த வாயு என்பதால் இதற்குள்ளும் ஆக்சிஜன் ஒளிந்திருக்கிறது என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேடினார்கள். 1810இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, இதில் ஆக்சிஜன் கிடையாது, இதுவே ஒரு தனிமம் என்று அறிவித்து, அதன் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தை வைத்துக் குளோரின் என்று பெயரிட்டார். மறு ஆண்டு ஷ்வைகர், நிறத்தை விடுங்கள், செய்கிற வேலையை வைத்து 'ஹாலஜன்' என்போம் என்றார். டேவியின் பெயர்தான் நின்றது. அனாதையாகக் கிடந்த 'ஹாலஜன்' என்ற சொல்லைப் பின்னர் சுவீடனின் வேதியியலாளர் பெர்சீலியஸ் எடுத்து, குளோரினைப் போலவே நடந்துகொள்ளும் தனிமங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக வைத்தார்.

இதில் ஒரு வேடிக்கை: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்றானதும் ஆக்சிஜன் என்ற பெயரின் பொருள் பொய்யாகிவிட்டது. இருந்தும் அந்தப் பெயர் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. ஹாலஜனின் பொருள் மட்டும் இன்றும் மெய்.

சரி, தமிழுக்கு வருவோம். ஹாலஜனுக்கான தமிழ்ச்சொல் 'உப்பீனி' என்பது உப்பு + ஈனி. ஈன் என்பது புழக்கத்தில் இல்லாத பழஞ்சொல் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். 'ரெண்டாம் ஈத்து மாடு' என்று சொல்லித்தான் விலை பேசுவார்கள். ஈற்று, ஈத்து, ஈன்றது, ஈனி எல்லாம் ஒரே வேர். கிரேக்க 'ஜென்'னுக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு வேறொன்று தோன்றவில்லை.

உப்பு என்ற முன்பாதியும் நன்றாகவே அமைந்திருக்கிறது. நமக்கு உப்பு என்றால் சோற்றுப்பு மட்டுமல்ல. 'போர் தண்ணி ஒரே உப்பு' என்று சொல்லும்போது கால்சியம், மெக்னீசியம் எல்லாம் அதில் அடக்கம். வேதியியல் சொல்லும் உப்பும் அப்படி விரிந்ததுதான்.

ஒரு குறை மட்டும் உண்டு. பசு கன்று ஈன்றால் பசுவும் இருக்கும், கன்றும் இருக்கும். குளோரின் அப்படியில்லை. சோடியத்திடமிருந்து ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு, தானே உப்பின் ஒரு பாதியாகிவிடும். பச்சை நிறம், மூச்சைத் திணறடிக்கும் நெடி எதுவும் மிஞ்சாது. குலை ஈன்றதோடு தன் ஆயுளை முடித்துக்கொள்ளும் வாழையை நினைத்துக்கொண்டால் உவமை சரியாகிவிடும்.

ஒலிபெயர்ப்பு வடிவங்கள் மூன்று நான்கு உலவுகின்றன. தமிழ்நாட்டில் ஹாலஜன், ஹேலஜன், இலங்கையில் அலசன், கிரந்தம் தவிர்ப்பவர்களிடம் ஆலசன். கடைசி இரண்டிலும் எனக்கு ஓர் உறுத்தல். 'ஆலசியம் பண்ணாதே' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். சோம்பலைக் குறிக்கும் வடமொழி 'அலச'விலிருந்து வந்த சொல் அது. தனிமங்களிலேயே துடிப்பு மிகுந்த ஒரு கூட்டத்துக்குச் சோம்பேறிப் பெயரா? அட்டவணையில் குளோரினுக்கு அடுத்த கட்டத்தில் இருக்கும் ஆர்கானுக்குத்தான் அது பொருந்தும். ஆர்கான் என்ற கிரேக்கப் பெயருக்குப் பொருளே சோம்பேறி!

உப்பீனி என்ற பெயர் அந்தத் தொகுதியின் நடத்தையையும் சொல்லிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான். எட்டாக ஒன்று குறைகிறது. அந்த ஒன்றைப் பிடிக்கும் வேகம்தான் உப்பை ஈனும் திறன். மேலிருந்து கீழே போகப் போகக் கூடுகள் கூடி அணு பெரிதாவதால் கருவின் பிடி தளர்கிறது. எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் தன்மைக்கு எலக்ட்ரான் கவர்தன்மை என்று பெயர். அதை அளக்கும் பாலிங் அளவுகோலில் ஃபுளூரினுக்கு 3.98, குளோரினுக்கு 3.16, புரோமினுக்கு 2.96, அயோடினுக்கு 2.66. அறை வெப்பநிலையில் முதல் இரண்டும் வாயு, புரோமின் செம்பழுப்பு நீர்மம், அயோடின் கருமையாக மினுங்கும் திண்மம். நிறமும் வரிசையாக அடர்ந்துகொண்டே போகிறது.

இந்த வரிசையை நம்பித்தான் புரோமின் தொழிலே நடக்கிறது. சாக்கடலிலும் குஜராத்தின் கட்ச் உப்பளங்களிலும் கிடைக்கும் செறிந்த உப்புநீரில் குளோரினைச் செலுத்தினால் போதும். அதில் கரைந்திருக்கும் புரோமைடு அயனியிடம் உள்ள எலக்ட்ரானைக் குளோரின் பறித்துக்கொள்ள, புரோமின் தனியே வெளிவரும். மேலே இருப்பது கீழே இருப்பதை விரட்டும்.

மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. எலக்ட்ரான் கவர்தன்மை வேறு, எலக்ட்ரான் நாட்டம் வேறு. முன்னது, பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் தன்மை. பின்னது, தனித்திருக்கும் அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றல். இந்த இரண்டாவதில் முதலிடம் ஃபுளூரினுக்கு இல்லை, குளோரினுக்குத்தான்: மோலுக்கு 349 கிலோஜூல், ஃபுளூரினுக்கு 328. ஃபுளூரின் அணு மிகச் சிறியது. ஏற்கெனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரான்கள், புதிதாக வருவதைத் தள்ளப் பார்க்கும். அதே நெரிசலால் ஃபுளூரின் மூலக்கூறின் பிணைப்பும் பலவீனம்: குளோரினுக்கு மோலுக்கு 242 கிலோஜூல், இதற்கு வெறும் 158. எளிதில் உடைவதும், பிறக்கும் அயனி சிறியதாக இருந்து உப்பில் இறுகப் பிணைவதும் சேர்ந்துதான் ஃபுளூரினை வினைத்திறனில் முதலிடத்தில் வைக்கின்றன. அதைத் தனித்துப் பிரிக்க 1886இல் பிரெஞ்சு வேதியியலாளர் முவாசான் வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முயன்ற பலர் நச்சுக்கு ஆளானார்கள்; சிலர் உயிரையே விட்டார்கள்.

வரிசையின் கீழ்முனையைப் பார்க்கச் சமையலறைக்குப் போகலாம். அயோடின் கலந்த உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். விலை குறைவான அயோடைடு ஏன் இல்லை? தொகுதியில் கீழே இருப்பதால் அயோடைடுக்குத் தன் எலக்ட்ரானின் மேல் பிடி குறைவு. நம் ஊர் ஈரத்திலும் வெக்கையிலும் அதை எளிதாக இழந்து அயோடினாகிப் பறந்துவிடும். அயோடேட் ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்தது என்பதால் தாக்குப்பிடிக்கும்.

எழுதும்போது என் வழக்கம் இது: தொகுதியின் பெயருக்கு உப்பீனி, குளோரின், அயோடின் போன்ற தனிப்பெயர்களை அப்படியே விட்டுவிடுவேன். 'ஹாலஜனேற்றம்' என்பதை 'உப்பீனியேற்றம்' என்றால் இடறாமல் வருகிறது. ஹாலஜன் சேர்ந்த சேர்மத்தைக் குறிக்கும் 'ஹாலைடு'க்கு உப்பீனியை வைத்து ஒட்டுப்போட்ட வடிவங்கள் நாவில் ஒட்டவில்லை, அதனால் ஹாலைடுதான். தேர்வு எழுதுபவர்கள் மட்டும் பாடநூலில் உள்ள வடிவத்தையே எழுதுங்கள். திருத்துபவரோடு சொல்லாராய்ச்சி வேண்டாம்.

2010இல் ரஷ்யாவின் துப்னாவில் 117ஆம் தனிமத்தின் சில அணுக்களை உருவாக்கினார்கள். 2016இல் அதற்கு டென்னசின் என்று பெயர் வைத்தபோது, குடும்ப வழக்கப்படி முடிவில் 'இன்' சேர்த்துக்கொண்டார்கள். நொடிப்பொழுதுகூடத் தங்காத அணுக்கள். அது இந்தத் தொகுதியின் குணத்தோடு நடந்துகொள்ளாமலும் போகலாம் என்கின்றன கணக்கீடுகள். கட்டத்தின்படி அதுவும் உப்பீனிதான், இதுவரை ஒரு பொட்டு உப்புகூட ஈனவில்லை என்றாலும்.