எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு, நான்கு வருடம் மாதம் ஆயிரம்

அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் என்.எம்.எம்.எஸ். தேர்வைத் தவறவிடாதீர்கள். மத்திய அரசின் உதவித்தொகை இது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை வருடம் 12,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000.

பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கணும், ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50). மனத்திறனில் (எண் வரிசை, புதிர் மாதிரி யோசித்துப் போடுவது) 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். இரண்டும் சேர்த்து 40 சதவீதம் எடுத்தால் பாஸ், எஸ்.சி., எஸ்.டி.க்கு 32. ஆனால் பாஸானால் மட்டும் போதாது, தமிழ்நாடு முழுவதற்குமே 6,695 இடம்தான். பாடத்தைப் பள்ளியிலேயே நடத்திவிடுகிறார்கள், மனத்திறன் கேள்விகளைத்தான் பல பிள்ளைகள் தேர்வு அறையில் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். பழைய வினாத்தாள் நாலைந்தைப் போட்டுப் பார்த்தாலே பாதி பயம் போய்விடும்.

சரி, தேர்வாகிவிட்டது. நான் பார்த்தவரை பணம் நின்றுபோவது இதற்கு அப்புறம்தான். வருடாவருடம் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும், பணம் ஆதாரோடு இணைத்த பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். ஆதாரில் இனிஷியல் முன்னால், பள்ளிப் பதிவேட்டில் பின்னால், பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருந்தால் இழுத்தடிக்கும், எட்டாம் வகுப்பிலேயே சரிசெய்துவிடுங்கள்.

சின்ன ஊர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும், பிளஸ் ஒன்னுக்கு பஸ் ஏறி வேறு ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் போகணும். பழைய பள்ளி “பிள்ளை போய்விட்டாள்” என்று விட்டுவிடும், புதுப் பள்ளிக்கு அவள் உதவித்தொகை வாங்குகிறவள் என்றே தெரியாது. எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு பிளஸ் ஒன் வருடப் பணம் வராமலே போனது, பத்தாம் வகுப்பில் 400-க்கு மேல் எடுத்தவள். பிளஸ் ஒன்னில் புதுப்பிக்க பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் போதும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 55. மார்க் இருந்தது, விண்ணப்பத்தைப் பள்ளி சரிபார்த்து அனுப்பவில்லை, அவ்வளவுதான். அப்புறம், பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்த்தாலும் உதவித்தொகை போய்விடும்.

ஆகவே டி.சி. வாங்கப் போகும் அன்றே இணையதளப் பதிவு எண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சேர்க்கை நாளில் அந்தச் சீட்டைப் புதுப் பள்ளியில் உதவித்தொகை வேலை பார்க்கிற ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.