வாழைக்காய் வழியில் பழுக்காமல் இருக்க உமிச் சாம்பல் பொட்டலம்

பச்சையாக அடுக்கிய வாழைக்காய் போய்ச் சேரும் முன்பே பெட்டிக்குள் பழுத்துவிடுகிறதா? காரணம் எத்திலீன். காயே வெளிவிடும் வாயு இது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே காய் பழுக்கத் தொடங்கிவிடும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்ற ஊதா நிற வேதிப்பொருள் இந்த வாயுவைச் சிதைக்கும். ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்க நுண்துளைகள் நிறைந்த பொருள் ஒன்று வேண்டும். அரிசி ஆலைகளில் குவிந்து கிடக்கும் உமிச் சாம்பல் அதற்கு நன்றாகவே பொருந்தும். அதில் பெரும்பகுதி, மணலில் இருக்கும் அதே சிலிக்காதான்.

கொதிகலனிலிருந்து வரும் கறுப்புச் சாம்பலை மட்டும் அப்படியே பயன்படுத்தாதீர்கள். கறுப்பாக இருந்தால் அதில் எரியாத கரி மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். பெர்மாங்கனேட் முதலில் அந்தக் கரியோடு வினைபுரிந்து, பெட்டிக்குள் போகும் முன்பே வீணாகிவிடும். 500 முதல் 600 டிகிரி செல்சியஸில், வெளுக்கும்வரை மறுபடி எரிக்க வேண்டும். சூடு இதைவிட மிக அதிகமானால் நுண்துளைகள் அடைபடும். நுரையீரலைக் கெடுக்கும் படிகச் சிலிக்காவும் உருவாகும். எந்தச் சாம்பலானாலும் முகக்கவசம் இல்லாமல் கையாளக் கூடாது.

100 மில்லி வெதுவெதுப்பான நீரில் 6 கிராம் பெர்மாங்கனேட்டைக் கரைத்து, ஆறிய 100 கிராம் சாம்பலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். எல்லா இடமும் ஒரே ஊதாவாக நனைந்திருக்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. சொட்டுகிற அளவுக்குப் போனால் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள். கையுறை கட்டாயம். நிழலில் உலர்த்தி, காற்றுப் புகும் நெய்யாத துணிப் பையில் 10 கிராம் வீதம் கட்டுங்கள். பாலித்தீனில் கட்டினால் வாயு எளிதில் உள்ளே போகாது. உலர்ந்த கலவையை எண்ணெய், கிளிசரின், மரத்தூள் பக்கம் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

13 கிலோ பெட்டிக்கு இரண்டு பொட்டலத்தில் தொடங்கிப் பாருங்கள். காயில் படாதபடி, பெட்டிக்குள் காயை மூடியிருக்கும் பாலித்தீன் உறைக்குள் மேல்பக்கமாக வையுங்கள். பட்டால் தோலில் கறை விழும். ஊதா முழுக்கப் பழுப்பானால் பொட்டலம் தீர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

முக்கால் பங்கு முற்றிய பச்சைக் காய்க்குத்தான் இது உதவும். பழுக்கத் தொடங்கிய காயில் வாயு சதைக்குள்ளேயே ஊறுகிறது, வெளியே இருக்கும் பொட்டலத்தால் அதைத் தடுக்க முடியாது. அடிபட்ட காயும் வாயுவை அதிகம் விடும். ஆகவே சீப்பு பிரித்து, பால் வடித்துக் கழுவும்போதே மஞ்சள் தட்டியதையும் நசுங்கியதையும் ஒதுக்கிவிடுங்கள். குளிர்ச்சி 13 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. போனால் தோல் கறுக்கும், பிறகு பழுக்க வைத்தாலும் நிறம் வராது.