ஏர்லி டெசிஷன்: கையெழுத்துக்கு முன்னால் ஒரு கணக்கு

நவம்பர் 1 நெருங்கினாலே என் போன் ஓயாது. அமெரிக்காவில் கல்லூரி விண்ணப்ப ஆலோசகராக இருக்கிறேன், நியூ ஜெர்சி, டெக்சாஸ் பக்கமிருந்து நம்மவர்கள் நிறையப் பேர் கூப்பிடுவார்கள், கேள்வி ஒன்றேதான்: "ஏர்லி டெசிஷன் போட்டால் இடம் கிடைக்க வாய்ப்பு கூடுமாமே?" பல கல்லூரிகளில் கூடும், சரி. ஆனால் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று தெரியும் முன்பே, கிடைத்தால் சேர்ந்துவிடுகிறேன் என்று பிள்ளை, பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் மூவரும் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பம் அது. டிசம்பர் நடுவில் இடம் கிடைத்துவிட்டால் மற்ற விண்ணப்பங்களை வாபஸ் வாங்க வேண்டும்.

தப்பிக்கவே வழியில்லையா என்றால், இருக்கிறது. தருகிற உதவித்தொகையை வைத்துப் படிக்க வைக்க முடியாது என்றால் விலகிக்கொள்ளலாம், பல கல்லூரிகளுக்கும் பொதுவான ஆன்லைன் விண்ணப்பமான காமன் ஆப் ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது உதவி கேட்டு விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும்.

இங்கேதான் ஒரு அப்பா மாட்டிக்கொண்டார். "உதவி கேட்டால் இடம் தர மாட்டான்" என்று நண்பர் சொன்னதை நம்பி, உதவி வேண்டாம் என்று டிக் செய்துவிட்டார். மகளுக்கு இடம் கிடைத்தது, வீட்டில் கேக் வெட்டினார்கள், அப்புறம் பில் வந்தது, விடுதி சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 90,000 டாலர் பக்கம். நீங்கள் உதவியே கேட்கவில்லையே என்றது கல்லூரி. வீட்டின் மேல் கடன் வாங்கித்தான் சேர்த்தார்.

நண்பர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சங்கடம். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து கிடைக்கும் ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் ஃபாஃப்சா என்ற அரசு விண்ணப்பம் மூலம் உதவி பெற முடியாது, பல தனியார் கல்லூரிகள் அவர்களை வெளிநாட்டு மாணவர் கணக்கில்தான் வைக்கின்றன, அந்தக் கணக்கில் உதவி கேட்பது பெரும்பாலும் முடிவைப் பாதிக்கும். ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடோயின் மாதிரி சில இடங்கள்தான் யாராக இருந்தாலும் பணத்தைப் பார்க்காமல் தேர்ந்தெடுக்கின்றன. கிரீன் கார்டு இருந்தால் கதையே வேறு, ஃபாஃப்சா போடலாம்.

ஆகவே அக்டோபரிலேயே வரிக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு கல்லூரித் தளத்தில், உதவி போக நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்று தோராயமாகக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டரைப் போட்டுப் பாருங்கள். 2011 முதல் சட்டப்படி கல்லூரிகள் அதை வைத்தே ஆக வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கு அது பொருந்தாது, சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும் விவாகரத்தானவர்களுக்கும் நம்பிக்கையாகச் சொல்லாது, அவர்கள் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்கே எழுதிக் கேட்பது நல்லது. குடும்பத்தின் வரவு, சொத்தையெல்லாம் விவரமாகக் கேட்கும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற உதவி விண்ணப்பத்தைக் கேட்கும் கல்லூரி என்றால் ஊரில் உங்கள் பேரில் இருக்கும் நிலத்தையும் காட்ட வேண்டும் (கேட்டதும் எல்லோர் முகமும் மாறும்). அதை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு எதற்கும் உதவாது.

நாலு கல்லூரி தரும் தொகையை வைத்து ஒப்பிட்டுத்தான் சேர்க்க முடியும் என்ற வீடுகளுக்கு நான் ஏர்லி ஆக்‌ஷன்தான் சொல்வேன். முடிவு சீக்கிரம் வரும், கட்டுப்பாடு கிடையாது, மே 1 வரை யோசிக்கலாம்.